வாசல்ல நிக்கிற மீசைக்காரன்

பையத் தூக்கிக்கிறேன், உக்காருங்கண்ணே. கம்பம் பஸ்ஸா? அது போய்க்கிட்டே இருக்கும், ஒண்ண விட்டா ஒண்ணும் கொறஞ்சிர மாட்டீங்க. நான் ஓசூர் பஸ்ஸுக்கு நிக்கிறேன். போறதுக்கு இல்ல, வர்ற ஆளுக்கு. எம் பொண்டாட்டியோட தம்பி வர்றான். சுருளிவேலு. வந்துட்டான்னா இன்னைக்கு எம் மகளுக்குக் காதுகுத்து. வரலைன்னா... வருவான் வருவான். வராம எங்க போவான்?

கோயில்ல எல்லாம் ரெடிண்ணே. ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. கெடா கட்டியிருக்கு, அது வேற என்னைய மொறைச்சிக்கிட்டே நிக்கிது. சமையக்காரரு அடுப்பப் பத்த வச்சிட்டாரு. ஆனா தாய்மாமன் மடி வேணுமில்ல? மடி இல்லாம எங்கிட்டுக் காது குத்துறது? எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் "எம் மடி சும்மாதான இருக்கு"ன்னான். எம் பொண்டாட்டி லோகமணி ஒரு பார்வ பாத்தா பாருங்க, அவன் அப்பவே மடிய மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

என்ன சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. சின்ன விசயம். அவன் பெருசாக்கிட்டான்.

நான் யாருன்னு சொல்லலையே. தவசி. தவசி சவுண்ட் சர்வீஸ், சீரியல் செட்டு. ஆண்டிபட்டிப் பக்கம் எந்தக் கல்யாணத்துலயாவது காது அடைச்சிருந்தா அது நான்தான். பல்புலயே மயிலு, பிள்ளையாரு, தாமரைல நிக்கிற லட்சுமி எல்லாம் ஓட விடுவேன். மயிலு தோகைய விரிக்கும், மடக்கும், விரிக்கும். எட்டாவதோட எனக்கும் பள்ளிக்கொடத்துக்கும் ஒத்துவரல. கணக்கு வாத்தியாருக்கு எம்மேல பொறாம.

சரி, சண்டைக்கு வாரேன். அதாவது சண்டை இல்ல, அந்த விசயத்துக்கு வாரேன். நான் புது வீடு கட்டி பால் காச்சுனேன். நம்ம வீட்டு விசேசம், நம்ம மைக் செட்டு, சும்மா விடுவமா? தெருவச் சுத்திக் கொழாய் ஸ்பீக்கரு கட்டியாச்சு. யாரு யாரு என்ன சீரு கொண்டாந்தாங்கன்னு நான்தான் மைக்குல சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோக்கு. எங்க அத்தை குத்துவிளக்கு கொண்டாந்துச்சு, "அத்தை இந்த வயசுலயும் வீட்ல வெளிச்சம் அவுங்கதான்"னேன், அத்தை வெக்கப்பட்டுப் போச்சு. இப்பிடிக் கலகலன்னு போய்க்கிட்டு இருக்கு. அந்நேரம் சுருளி வர்றான், கையில ஒரு செவுத்துக் கடிகாரம். அவனுக்கு அப்ப வேல இல்ல. டிப்ளமோ படிச்சிட்டு ஒரு வருசமா வீட்டுக்கும் எங் கடைக்கும் நடந்துக்கிட்டு இருந்தான். நான் மைக்குல சொன்னேன், "தாய்மாமன் சுருளிவேல் கொண்டாந்தது கடிகாரம்! வேல இல்லாதவனுக்கு மணி எதுக்குன்னு நமக்குக் குடுத்துட்டாரு!"

பாத்தீங்களா, நீங்களே சிரிச்சிட்டீங்க. நல்ல ஜோக்குண்ணே அது! தெருவே சிரிச்சிச்சு. பந்தியில ஒருத்தருக்குப் பொறையேறிருச்சு. சுருளியும் சிரிச்சான், நான் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே கடிகாரத்த அவுங்க அக்கா கையில குடுத்தான், செருப்ப மாட்டுனான், போயிட்டான். சாப்பிடல. எலை போட்டாச்சு, இவனக் காணோம். இப்ப நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல? விசேச வீட்ல வந்துட்டு சாப்பிடாமப் போறவன் மேலயா இல்லையா?

ஏன் பஸ்ஸு வர்ற பக்கமாத் திரும்புறீங்க? சரி, டீ சொல்லவா?

தம்பி! ரெண்டு டீ. இவருக்குச் சீனி கொறச்சு, மூஞ்சியப் பாத்தா சுகரு மாதிரி தெரியிது. இல்லையா? அப்ப ரெண்டும் சீனி போட்டுக் குடு.

அப்பறம் ஓசூர்ல வேல கெடச்சுப் போயிட்டான். என் நம்பர பிளாக் பண்ணிட்டான். வேற நம்பர்ல அடிச்சேன், "மாப்ள"ன்னு ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள கட் பண்ணி அதையும் பிளாக்கு. எங்க டெம்போ டிரைவர் போன்ல இருந்து அடிச்சேன், பாவம் அந்தாளயும் பிளாக் பண்ணிட்டான். வீட்ல எம் பொண்டாட்டி எங்கிட்ட நேராப் பேசுறதில்ல. ரெண்டரை வயசுப் புள்ளகிட்டச் சொல்லும், "பாப்பா, உங்கப்பாவச் சோறு திங்கச் சொல்லு." அது எங்கிட்ட வந்து "தோறு"ன்னும். தூது போற வயசா அண்ணே அதுக்கு?

இப்பத்தான் கதைக்கே வாரேன். கேம் ஜாம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்ல? ரொம்ப நல்லது, எனக்கும் ஒண்ணு தெரிஞ்ச மாதிரி இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல வெளையாடுறோம்ல கேமு, அதச் செய்ற போட்டி. வெள்ளிக்கெழம சாயங்காலம் தலைப்புச் சொல்லுவாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள புதுசா ஒரு கேம் செஞ்சு ஏத்திரணும். நம்ம பக்கத்துப் பயலுக நாலஞ்சு பேரு சேந்து வருசா வருசம் நடத்துறானுக. அதுல முக்கியமான சட்டம் ஒண்ணு இருக்கு. போட்டியில சேந்தவன் எல்லாரும் மத்தவன் செஞ்ச எல்லாத்தையும் வெளையாண்டு மார்க் போட்டே ஆகணும். அடுத்தவன் கொழம்ப நக்கிப் பாக்காம ஒங் கொழம்புக்கு மார்க் கெடையாது. புரியிதா?

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததே சுருளிதான். வேல இல்லாம எங் கடையில உக்காந்திருந்தப்ப, பில்லு போட வாங்குன ஓட்டக் கம்ப்யூட்டர்ல ஒரு குட்டி எஞ்சினப் போட்டான். எஞ்சின்னா வண்டி எஞ்சின் இல்ல, கேம் செய்ற சாமான். நாங்க அதுக்கு தீப்பெட்டின்னு பேரு வச்சோம். ஏன்னா அதோட தெரையே தீப்பெட்டி அளவுதான். அந்தக் காலத்து வீடியோ கேம் மாதிரி வேணும்னே கஞ்சத்தனமாச் செஞ்சிருக்கானுக. மொத்தம் நாலு கலரு. ஒரு படம்னா எட்டுக்கு எட்டுப் புள்ளி. அப்பிடி பதினாறு படம் வரஞ்சுக்கலாம், பதினேழாவது வரைய விடாது. சத்தம்னா கீ, கீ, அம்புட்டுத்தான். எழுத்து இங்கிலீசு மட்டும். தமிழ் கெடையாது.

எனக்குப் புடிச்சுப் போச்சுண்ணே. புள்ளி வைக்கிறதுதான நம்ம பொழப்பு! போன வருசம் நானும் அவனும் சேந்து ஒரு ஆடு கேம் செஞ்சோம். ஆடு போஸ்டர் திங்கும். கடைசிக்கு முந்துன எடம் வந்துச்சு. எங்களுக்குக் கீழ ஒருத்தன் இருந்தான், அவன் கேமு தெறக்கவே இல்ல. ஆனா வெளையாடுறப்ப நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புக்கு கடையில பல்பு வாங்க வந்த ஆளு பயந்து போயிட்டாரு.

இந்த வருசம் ஜாம் வருதுன்னு செய்தி வந்துச்சு. பேரு குடுத்தவங்கள வரிசையாப் போட்டிருந்தானுக. பாக்குறேன், சுருளிவேல், ஓசூர். எனக்குச் சட்டுன்னு ஒண்ணு தோணுச்சு. போன பிளாக் பண்ணலாம். டிரைவர பிளாக் பண்ணலாம். எங் கேம எப்பிடிறா பிளாக் பண்ணுவ? நீ வெளையாண்டே ஆகணுமேடா! அன்னைக்கே பேரு குடுத்துட்டேன்.

அவன்கிட்டக் கெஞ்சுறதுக்குன்னு நெனச்சிராதீங்க. கலை ஆர்வம்.

வெள்ளிக்கெழம தலைப்புச் சொன்னானுக. "வாசல்." ஆகா! எனக்குன்னே வச்ச மாதிரி. ஒரு வீடு, ஒரு வாசல். மாமன்காரன் பஸ்ஸ விட்டு எறங்கி வர்றான். ஒரு நாயி தொரத்தும், தாண்டணும். அங்கிட்டு வாசல்ல நான் கும்புட்டு நிக்கிறேன், வாங்க வாங்கன்னு. உள்ள போனா மணை போட்டிருக்கு. மாமன் உக்காந்தா புள்ள ஓடியாந்து மடியில ஏறும். ஏறுனதும் சீரியல் செட்டு படபடன்னு எரியும். கீ கீன்னு நாயனம். முடிஞ்சது கேமு. எப்பிடி?

பேச்சுக்கே வழி இல்ல பாத்துக்கங்க. தமிழ் எழுத்து கெடையாது, இங்கிலீசு எனக்கு ஆகாது. நானாவது வாயப் பொத்திக்கிட்டு ஒரு கதை சொல்றதாவது! ரெண்டு நாளும் லோகமணி என்னைய எட்டி எட்டிப் பாத்துச்சு, உடம்புக்கு எதுவும் முடியலையோன்னு. "பாப்பா, உங்கப்பாவுக்குக் காச்சலான்னு தொட்டுப் பாரு." அது வந்து மூக்கத் தொட்டுட்டுப் போச்சு.

மாமனுக்கு ஒரு படம். சுருட்ட முடி, ஒல்லி, தோள்ல பையி. அச்சு அசல் சுருளி. நாயிக்கு ஒண்ணு. லோகமணிக்கு ஒண்ணு. புள்ளைக்கு ஒண்ணு. பல்புக்கு நாலு, அது இல்லாம நம்ம தொழில் என்னாகுறது? எனக்கு மட்டும் ஒரு கட்டம் பத்தலண்ணே. வரஞ்சு பாக்குறேன், மீச வந்தா கண்ணு வரல, கண்ணு வந்தா தொப்ப வரல. நம்ம உருவத்த எட்டுப் புள்ளிக்குள்ள அடைக்க முடியுமா? நாலு படத்தச் சேத்து ஒரு ஆளாக்கிட்டேன். வாசலு நெறைஞ்சு நின்னேன் பாருங்க, வேட்டியும் மீசையுமா! நானே என்னைய ரெண்டு வாட்டி கும்புட்டுக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம ஒரு வளகாப்புக்கு செட்டு கட்டப் போகணும். அவசரத்துல ஏத்திட்டேன். வெளையாண்டு பாத்தியாங்குறீங்களா? பாக்காம! கடைசி ரூம்ப நூறு தடவ பாத்தேன். பல்பு எரியணும்ல. தீப்பெட்டியில எந்த ரூம்புல இருந்து வேணும்னாலும் ஆரம்பிச்சுப் பாத்துக்கலாம். மொத ரூம்புல இருந்து எதுக்குப் பாக்கணும்? வீட்டக் கட்டுனவன் நானு, எனக்கு வழி தெரியாதா?

அங்கதாண்ணே எஞ்சின்காரன் என்னையக் கவுத்துட்டான். தீப்பெட்டியில ஒரு படத்த வச்சம்னா அது செவுரு மாதிரி. இதத் தாண்டிப் போகலாம்னு தனியா ஒரு டிக்கு போடணும். நாயிக்குப் போட்டேன். மணைக்குப் போட்டேன். எனக்குப் போடல.

மறுநா பாக்குறேன், எங் கேமுக்குக் கீழ ஒரே எழுத்தா எழுதிக் கெடக்கு. "நல்லா இருக்கு, ஆனா உள்ள போக முடியல." "மீசைக்காரரை எப்படித் தாண்டுறது?" "நாயைக்கூட தாண்டிட்டேன், இந்த ஆள் நகர மாட்டேங்குறாரு." ஒருத்தன் அவரு கால்ல விழுந்து பாத்தானாம், அதுக்கு ஒரு பட்டனே கெடையாது! இன்னொருத்தன் மத்தியானம் பூரா முட்டியிருக்கான். மதுரையில ஒரு அம்மா, காலேஜ்ல பாடம் எடுக்குதாம், அது மட்டும் இம்மாம் நீளம் எழுதியிருந்துச்சு. வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிற ஆம்பளத் திமிர இத விடச் சுருக்கமா யாரும் சொன்னதில்ல, உள்ள போகவே முடியாதுங்குறதுதான் இந்தக் கேமோட உயிருன்னு. பத்துக்குப் பத்து!

அந்த அம்மா யாருக்கோ எழுதி வச்சத எனக்குப் போட்டுருச்சுன்னு நெனைக்கிறேன். இருந்தாலும் மார்க்க ஏன் வேணாங்கணும்? நடத்துற பயலுக போன் பண்ணுனானுக. "அண்ணே, கலைக்கு ஒரு கப்பு இருக்கு, அதுக்கு நீங்கதான் முன்னாடி நிக்கிறீங்க." நான் டிவிக்குப் பக்கத்துல எடம் ஒதுக்கி வச்சிட்டேன்.

ஆனா சுருளி மார்க்கு மட்டும் வரல. தெனம் பாக்குறேன். எல்லாருக்கும் போட்டிருக்கான், எனக்குப் போடல. செட்டு கட்ட ஏணியில ஏறுனா ஏணியில நின்னு பாக்குறேன். சோறு எறங்கல. அதாவது எறங்குச்சு, ருசி இல்ல.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, கேமுக்குக் கீழ ஒரே ஒரு வரி. சுருளிவேல், ஓசூர்: "வாசல்ல நிக்கிறது யாரு?"

எத்தன மாசங்கழிச்சு ஒரு வார்த்த! தடவித் தடவி அடிச்சேன். "தெரியலையா மாப்ள? ஒம் மச்சான்தாண்டா. வாங்கன்னு கும்புட்டு நிக்கிறேன்."

கொஞ்ச நேரங்கழிச்சு வந்துச்சு. "கும்புடுற மாதிரி இல்ல மச்சான். மைக்கப் புடிச்சிருக்க மாதிரி இருக்கு."

நான் படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். நெஞ்சுல இருந்து ரெண்டு கையும் சேந்து மேல வருது. வாய்க்கு முன்னாடி வந்து கறுப்பா ஒரு உருண்ட. கூப்புன வெரலுன்னு நெனச்சு வச்ச புள்ளி. அவன் சொன்னதுக்கப்பறம் எப்பிடிப் பாத்தாலும் மைக்குதான். சாச்சுப் பாத்தேன், மைக்கு. கண்ணச் சுருக்கிப் பாத்தேன், மைக்கு. லோகமணிகிட்டக் காமிச்சு "இது என்ன தெரியிது"ன்னேன். அது இம்புட்டு மாசத்துல மொத வாட்டியா நேரா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுச்சு, "மைக்கு."

இங்கிட்டு அவன் இன்னொரு வரி போட்டிருக்கான். "தள்ளி நில்லுங்க மச்சான். பாப்பாவப் பாக்கணும்."

அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் எழுதல.

டீ ஆறுது, குடிங்க. எங் கண்ணுல தூசி. பஸ் ஸ்டாண்டுல என்னத்தக் கூட்டுறானுகளோ.

சரி, தள்ளி நிக்கிறதுன்னா என்ன? ஒரு டிக்கு. முடிஞ்சுச்சு. ஆனா மார்க் போடுற வாரத்துல ஏத்துன கேம்ல கை வைக்கக் கூடாது, வச்சா போட்டிய விட்டுத் தூக்கிருவானுக. நடத்துற பயலுக்குப் போன் போட்டேன். அவன் பதறுறான். "அண்ணே, அந்த மீசைக்குத்தாண்ணே கப்பே! அவரு நகந்துட்டா அது சாதாரண கேமுண்ணே!" நான் டிவிக்குப் பக்கத்துல ஒதுக்குன எடத்தப் பாத்தேன். கப்புக்குத் தொடைக்கிற வேல வேற. போகட்டும்னு கேமத் தொறந்து கை வச்சிட்டேன்.

டிக்கு போட்டா மட்டும் பத்தாதுன்னு பட்டுச்சு. போட்டுப் பாத்தேன், சுருளி எம் மேலயே மிதிச்சு ஏறி எந் தொப்ப வழியா உள்ள போறான். அது நல்லாவா இருக்கு? எம் படத்த அழிச்சிட்டேன். மொத்தமா நாலு கட்டம் மிச்சம்! இத முன்னாடியே செஞ்சிருந்தா ஒரு யானையே விட்டிருக்கலாம். அந்த நாலு கட்டத்துலயும் எலை வரஞ்சேன். நீளமா, நல்ல தல வாழை எலை. சோறு, ஓரமா ஒரு கூட்டு, அப்பளம். அப்பளத்துக்கு ஒரு புள்ளிதான், இருந்தாலும் அப்பளம். மணைக்கு முன்னாடி போட்டேன். இப்ப மாமன் வந்தான்னா வாசலு தொறந்து கெடக்கும். நேரா உள்ள போவான். உக்காருவான். எலை இருக்கும். புள்ள மடியில ஏறும். பல்பு எரியும்.

நானா? நான் அதுல இல்லண்ணே. எடம் பத்தல.

போட்டிய விட்டுத் தூக்கிட்டானுக. அந்த மதுரை அம்மா வேற "ஏமாற்றம்"னு ஒரே வார்த்த எழுதி, குடுத்த மார்க்கத் திருப்பி வாங்கிருச்சு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. லேசா இருந்துச்சு. கப்பு யாரோ கோவில்பட்டிக்காரனுக்குப் போயிருச்சாம், நல்லா இருக்கட்டும்.

மூணாவது நாளு மத்தியானம் லோகமணி போன் அடிக்கிது. தம்பிதான். அது ஸ்பீக்கர்ல போட்டு எம் பக்கமா வச்சிருச்சு, நான் தட்டக் கழுவுற மாதிரி நிக்கிறேன். அவன் சொல்றான், "அக்கா, மச்சான்கிட்டச் சொல்லு, எலையில உப்பு வைக்கல."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எட்டுப் புள்ளியில உப்பு எங்கிட்டுடா வைக்கிறது, வெள்ளச் சோத்துக்கு மேல வெள்ள உப்பு எவன் கண்ணுக்குடா தெரியும், டிப்ளமோ படிச்ச ஒனக்கு இது தெரியலையான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. லோகமணி என்னையப் பாத்துச்சு. நான் தட்டக் கழுவுனேன். கழுவுன தட்டையே திரும்பக் கழுவுனேன். அது தம்பிகிட்டக் கேட்டுச்சு, "காதுகுத்துக்கு வர்றியாடா?" அவன் "பாப்போம்"னான். வச்சிட்டான்.

பாப்போம்னா வர்றேன்னுதானண்ணே அர்த்தம்? உங்க ஊர்ல எப்பிடி? எங்க ஊர்ல பாப்போம்னா பாதி வந்த மாதிரி. விடியக்காலையில இருந்து வந்த ஓசூர் பஸ்ஸெல்லாம் பாத்துட்டேன். இனி வர்றது மூணாவது. கோயில்ல இருந்து போன் மேல போனு. ஆசாரிக்கு இன்னொரு காதும் இருக்காம், போகணுமாம்.

ஏண்ணே, உங்க கம்பம் பஸ்ஸு அந்தா போகுதே! ஏறலையா? ஓ, முடிவு தெரியாமப் போக மாட்டீங்களோ. நல்ல ஆளுண்ணே நீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா வடையும் வாங்கியிருப்பேன்.

இருங்க. அந்தா திரும்புதே, ஓசூர் போர்டுதான? கண்ணாடி போட்டவரு நீங்க, படிங்க. ஓசூரா? ஓசூர்தான்.

எறங்குறாங்க. அந்தப் பொம்பள... பெரியவரு... கோழிக்கூட... எவண்டா பஸ்ல கோழி கொண்டாறது. அந்தா! சுருட்ட முடி! நீலப் பையி! அவந்தாண்ணே! எளச்சிட்டானே. பாருங்க, கையில பட்டுப்பாவாட கவரு, கடை பேரு தெரியிது. வந்துட்டான். நான் சொன்னேன்ல, வராம எங்க போவான்னு!

அண்ணே, ஒரு ஒதவி. நீங்க முன்னாடி போங்க. நான் வந்தா வாய் சும்மா இருக்காது, இப்பயே அந்த முடியப் பத்தி ஒரு ஜோக்கு உள்ள நின்னு குதிக்கிது. போயி, சுருளிவேலான்னு கேளுங்க. மச்சான் அனுப்புச்சாருன்னு சொல்லிப் பைய வாங்கிக்கங்க. வண்டி அங்கிட்டு நிக்கிதுன்னு காட்டுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம். ஓசூர் போனதப் பத்திப் பேசாதீங்க, வேலையப் பத்திக் கேக்காதீங்க. சாப்பிட்டியான்னு மட்டும்...

இல்ல, நில்லுங்க. பைய மட்டும் வாங்குங்க.

சாப்பிட்டியான்னு நான் கேட்டுக்கிறேன்.